அம்மை என்றால் எந்த அம்மை?

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு குடியாத்தம் பக்கம். அண்ணன் மகளுக்கு ஆறு வயது, உடம்பெல்லாம் கொப்புளம், இன்று மூன்றாம் நாள். ஆயா "கொயந்தைக்கு அம்மா வாத்துகீது" என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். டாக்டர் சீட்டில் வேரிசெல்லா என்று எழுதிவிட்டு, வாயால் சிக்கன்பாக்ஸ் என்றார். பள்ளிக்குப் போன் செய்தால் "சின்னம்மையா, தட்டம்மையா, லெட்டரில் எழுதி அனுப்புங்க" என்கிறார்கள். போன மாதம்தான் தாத்தாவுக்கு இடுப்பில் அக்கி வந்து போனது. உங்கள் அம்மாவோ "அம்மை ஊசிதான் எல்லாம் போட்டாச்சே, அப்புறம் எப்படி வரும்?" என்கிறார். சிக்கன்பாக்ஸ் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, அதில் கோழி எங்கிருந்து வந்தது, இத்தனை பெயரும் ஒரே நோயா என்பது உங்கள் கேள்வி. இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கை இன்னும் பத்து நாளில் வளைகாப்புக்கு அதே வீட்டுக்கு வருகிறாள், அவளுக்குச் சின்ன வயதில் "ஏதோ அம்மை" வந்ததாக அம்மாவுக்கு ஞாபகம். உங்கள் கேள்வியின் உயிர் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. சொல்லில் தொடங்கி அங்கே வருகிறேன்.

அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்து அம்மைகளைப் பார்த்து வருகிறேன். மொழி படித்தவள் இல்லை. ஆனால் நோயாளி என்ன பெயர் சொல்கிறார், அதற்கு என்ன பொருள் என்று பிரித்துப் பார்க்காமல் இந்த ஊரில் வைத்தியம் பார்க்க முடியாது. குழந்தையை நேரில் பார்க்காமல் இங்கிருந்தபடி நோயை உறுதி செய்யவும் முடியாது. உங்கள் டாக்டர் பார்த்துச் சொன்னதை அடிப்படையாக வைத்தே எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதி இது. டாக்டர் வாயால் சொன்ன சிக்கன்பாக்ஸ், சீட்டில் எழுதிய வேரிசெல்லா, பாடப்புத்தகத்துச் சின்னம்மை மூன்றும் ஒன்றேதான். நீர்க்கொள்வான் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் கொப்பளிப்பான் என்பார்கள். நோய்க்குக் காரணம் வேரிசெல்லா சோஸ்டர் என்னும் வைரஸ். மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவும், மூச்சுக் காற்றாலும் கொப்புளத்து நீராலும். கோழிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கோழிகளுக்கு வரும் கோழி அம்மை என்று ஒன்று தனியாக உண்டு, கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பருப் பருவாக வரும். அது வேறு குடும்பத்து வைரஸ், மனிதருக்கு ஒட்டாது. சிக்கன்பாக்ஸைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "கோழி அம்மை" என்று போட்டுவிடும் செய்திகளை அவ்வப்போது பார்க்கிறேன். கோழிப் பண்ணைக்காரர் படித்தால் பதறிப்போவார்.

அப்படியானால் ஆங்கிலேயர் ஏன் சிக்கன் என்றார்கள்? இங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. பாக்ஸ் என்ற பாதியில் சிக்கல் இல்லை. கொப்புளத்துக்கு அவர்கள் வைத்திருந்த பழைய சொல் பாக், அதன் பன்மை நாளடைவில் எழுத்து மாறி பாக்ஸ் ஆனது. சிக்கன் என்ற பாதிக்குத்தான் ஆளுக்கொரு விளக்கம். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பெரிய ஆபத்து இல்லாதது என்பதால் இந்தப் பெயர் என்று எழுதினார். அதாவது பெரியம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கோழிக்குஞ்சு. கொப்புளம் கொண்டைக்கடலை அளவு இருப்பதால் சிக்பீ என்பதிலிருந்து வந்தது என்பார் சிலர். பழைய ஆங்கிலத்தில் அரிப்பைக் குறித்த ஒரு சொல் திரிந்தது என்பார் வேறு சிலர். எதற்கும் முடிந்த முடிவான சான்று இல்லை. எனக்கு ஜான்சன் சொன்னதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் மருத்துவர்கள் வைத்த வேரிசெல்லா என்ற பெயரும் அதே வழியில் வந்ததுதான். பெரியம்மைக்கு வேரியோலா என்று பெயர், அதன் சிறுவடிவம் வேரிசெல்லா. நாமும் பெரியம்மை, சின்னம்மை என்று அதே கணக்கில்தான் வைத்திருக்கிறோம்.

ஆனால் பெயரில் பெரியது சின்னது என்று இருப்பதைப் பார்த்து, ஒரே நோய் கூடினால் பெரியம்மை, குறைந்தால் சின்னம்மை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி வைரஸ். இதை லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1767இல் தெளிவாகப் பிரித்துக் காட்டும் வரை அங்கேயும் குழப்பம்தான். இந்தியாவில் அந்தக் குழப்பம் 1970கள் வரை உயிரோடு இருந்தது. பெரியம்மையை ஒழிக்கும் வேலையில் இருந்த எனக்கு முந்தைய தலைமுறை சுகாதார ஆய்வாளர்கள், கையில் பெரியம்மைக் குழந்தையின் படம் போட்ட அட்டையோடு வீடு வீடாகப் போவார்கள். "அம்மை இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்று வரும் பதிலில் பெரும்பாலும் சின்னம்மைதான் இருக்கும், இருந்தாலும் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தாக வேண்டும். அவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை எளிது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார், பிறகு சட்டையைத் தூக்கி முதுகைப் பார். பெரியம்மை முகத்திலும் கை கால்களிலும் நெருக்கமாக வரும், உள்ளங்கையையும் விடாது, எல்லாக் கொப்புளமும் ஒரே பருவத்தில் இருக்கும், தொட்டால் தோலுக்குள் கெட்டியாகப் புதைந்திருப்பது தெரியும். சின்னம்மை நெஞ்சு, முதுகு, வயிறு என்று நடு உடம்பில்தான் அதிகம், தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் கூட இருக்கும். ஒரு கை அகல இடத்திலேயே ஒரு சிவப்புப் புள்ளி, அதன் பக்கத்தில் வெந்நீர் தெறித்தது போல மெல்லிய தோலோடு ஒரு நீர்க் கொப்புளம், அதற்குப் பக்கத்தில் காய்ந்த பொருக்கு என மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அலை அலையாக வருவதால்தான் இந்தக் கலவை. உங்கள் அண்ணன் மகளின் முதுகை வெளிச்சத்தில் பாருங்கள், புரியும். நாட்டில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975இல். உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். ஆகவே இன்று யாராவது வைசூரி, அதாவது பெரியம்மை, வந்திருக்கிறது என்றால், நோய் போய்விட்டது, பெயர் மட்டும் வேறு வீட்டில் குடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். ஆயா சொல்லும் அம்மை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். சின்னம்மை, பெரியம்மை, மணல்வாரி என்றும் சொல்லப்படும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி மாட்டிவிடும் தாளம்மை எல்லாம் அதில் அடக்கம். தாளம்மையில் கன்னமும் தாடையும் வீங்குவதோடு சரி, தோலில் ஒரு புள்ளிகூட வராது, அதுவும் அம்மைதான். 2022இல் குரங்கம்மை வந்தபோது அதையும் சுலபமாக இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். இதில் பெரியம்மையும் குரங்கம்மையும் மட்டும் நெருங்கிய உறவு, மற்றவை தனித்தனி வைரஸால் வருபவை. அந்த இரண்டைத் தவிர, ஒன்று வந்தால் மற்றொன்றுக்கு எதிர்ப்பு வராது, ஒன்றின் ஊசி மற்றொன்றைத் தடுக்காது.

பெயர்களின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்து "வெப்பு நோயும் குருவும்" தொடர்ந்தன என்று வருகிறது. குரு என்றால் கொப்புளம், வேர்க்குருவில் இன்றும் நம்மோடு இருக்கும் அதே குரு. அது எந்த நோய் என்று இன்றைக்கு எவராலும் அறுதியிட முடியாது, பெரியம்மை என்று சொல்வதெல்லாம் ஊகம். ஆனால் ஒரு பெண்ணின் சினம், வெப்பம், கொப்புளம், பிறகு அவளுக்கு விழா எடுத்துக் குளிர்வித்தல் என்ற வரிசை அப்போதே இருந்தது உறுதி. நம் பக்கத்தில் அந்த வரிசை இன்னும் நடக்கிறது. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும்போது கூட்டத்தில் எத்தனை பேர் அம்மை இறங்கியதற்கான வேண்டுதலோடு நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். படவேட்டு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளியில் போகிறவர்களும் அப்படியே.

வினைச்சொல்லைக் கவனித்தீர்களா? தென் மாவட்டங்களில் அம்மை போட்டிருக்கு என்பதுதான் அதிகம். உங்கள் ஆயா வாத்துகீது என்றார், அதாவது வார்த்திருக்கிறது. காட்பாடி தாண்டிச் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் அம்மவாரு போசிந்தி என்பார்கள், அதற்கும் அம்மன் ஊற்றினாள் என்றே பொருள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நினைப்பு. யாரைப் பார்த்து யார் சொன்னார்கள் என்பதை மொழி அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு வேலைக்கு ஆனது வேறு. "அம்மா வாத்துகீது" என்று ஒருவர் வந்து நின்றால் தோலில் ஏதோ எழும்பியிருக்கிறது என்பது மட்டும்தான் அதில் செய்தி. தட்டம்மையா சின்னம்மையா என்று அதற்குப் பிறகு நான்தான் கேட்டறிய வேண்டும். காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு என்று மூன்று நான்கு நாள் இருந்துவிட்டு, காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கி மணல் தூவியது போலக் கீழே இறங்கினால் தட்டம்மை. அதில் நீர்க் கொப்புளம் இருக்காது. பள்ளிக்கூடம் கேட்டதற்கு அந்த ஒரு வேறுபாடு போதும், சின்னம்மை என்று எழுதிக் கொடுங்கள். பொருக்கு எல்லாம் காய்ந்த பிறகு அனுப்பலாம், சாதாரணமாக ஒரு வாரம்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் அங்கன்வாடியிலும் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடுவது தட்டம்மை ரூபெல்லா ஊசி. 2017இல் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் முகாம் வைத்துப் போட்டதும் அதுதான். ஊரில் அதற்குப் பெயர் "அம்மை ஊசி". அது சின்னம்மையைத் தடுக்காது. சின்னம்மைக்குத் தடுப்பூசி தனியாக இருக்கிறது. ஜப்பானியரான மிச்சியாகி தகாஹாஷி 1970களில் உருவாக்கியது. நம் அரசின் இலவச அட்டவணையில் அது இல்லை. குழந்தை மருத்துவர்கள் பதினைந்தாவது மாதத்தில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று இரண்டு தவணையாகப் போடச் சொல்வார்கள், வெளியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். தடுப்பூசி அட்டையில் வேரிசெல்லா என்ற சொல் இல்லையென்றால் போடவில்லை என்று பொருள்.

இதே குழப்பம் பெரியவர்களிடம் வேறு வடிவத்தில் இருக்கிறது. அறுபதைக் கடந்தவர்கள் புஜத்தில் வட்டத் தழும்பைக் காட்டி "எனக்கு அம்மை குத்தியாச்சு" என்பார்கள். அது பெரியம்மைக்குக் குத்தியது. அந்தக் காலத்தில் அம்மைப்பால் வைப்பது என்பார்கள். அந்த அம்மைப்பாலைத் தயாரிக்கவே 1899இல் தொடங்கியது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். சின்னம்மைக்கும் அந்தத் தழும்புக்கும் சம்பந்தமில்லை. 1980க்குப் பிறகு பிறந்தவர்கள் இடது புஜத்தில் காட்டும் சிறு தழும்பு அம்மைக்கே சேர்ந்ததில்லை, அது காசநோய்க்கான பி.சி.ஜி.

வெவ்வேறு நோய்களையெல்லாம் ஒரே பெயரில் சேர்த்து வைத்த நம் வழக்கு, உண்மையான உறவு ஒன்றைப் பிரித்தும் வைத்துவிட்டது. அதுதான் தாத்தாவின் அக்கி. அக்கியை அம்மை என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு வேப்பிலை இல்லை, தண்ணீர் ஊற்றும் சடங்கு இல்லை. மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றியும் மேலேயும் சிங்கம்போல ஏதாவது உருவம் எழுதி அனுப்புவார். அக்கி எழுதுவது என்று இதற்குப் பெயர். என்னிடம் வந்த அக்கி நோயாளிகளில் பலர் முதுகிலும் விலாவிலும் காவிக் கோட்டோடுதான் வந்தார்கள். பஞ்சை நனைத்து அந்தக் காவியைத் துடைத்துவிட்டுத்தான் கொப்புளத்தையே பார்க்க முடியும். ஆனால் பெரும்பாலும் நாம் அக்கி என்பது சின்னம்மையின் அதே வைரஸ்தான். சின்ன வயதில் சின்னம்மை வந்து ஆறிய பிறகு அது உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்துக்குப் பக்கத்து நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். ஐம்பது அறுபது வயதுக்கு மேல், அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தபோது, ஒரு நரம்பின் வழியாக வெளியே வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டதுபோல வருகிறது, எரிச்சலும் குத்தலும் தாங்க முடியாது. ஒன்று சொல்ல வேண்டும்: நம் ஊரில் அக்கி என்ற பெயரை வாயோரக் கொப்புளத்துக்கும் வேறு சில தோல் எரிச்சல்களுக்கும் கூடச் சொல்வார்கள், அவை வேறு. தாத்தாவுக்கு இடுப்பில் ஒரு பக்கமாக, வலியோடு வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தாத்தாவின் அக்கியிலிருந்து பேத்திக்கு அக்கி வராது. ஆனால் சின்னம்மை வரலாம். அக்கிக் கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்கு அது சின்னம்மையாகப் பிடிக்கும். தொற்றிய நாளிலிருந்து கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி. தாத்தாவுக்குப் போன மாதம், குழந்தைக்கு இந்த மாதம் என்ற கணக்கு ஒத்துப்போகிறது. அதற்காக அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வகுப்பில் இன்னொரு பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம், இந்தப் பருவத்தில் அதுவே அதிக வாய்ப்பு. தாத்தாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.

பருவம் என்றதும் வெயில் ஞாபகம் வரும். வேலூர் வெயிலால் உடம்பு சூடேறி அம்மை வருகிறது என்ற நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை உண்டு. தை மாசியில் தொடங்கி சித்திரை வைகாசி வரைதான் எங்கள் நிலையத்துக்கு அதிகம் வரும். ஆனால் வைரஸ் இல்லாமல் எத்தனை வெயில் அடித்தாலும் ஒரு கொப்புளமும் வராது. வருடத்தின் அந்தப் பகுதியில் ஏன் கூடுகிறது என்பதற்கு ஒரே பதில் இன்னும் இல்லை. குளிர் நாடுகளில் ஏறக்குறைய எல்லாரும் குழந்தையாக இருக்கும்போதே இதைக் கடந்துவிடுகிறார்கள், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் கணிசமானவர்கள் வராமலே வளர்ந்துவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. காரணம் மட்டும் விவாதத்தில் இருக்கிறது. விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடியாத்தத்தில் தீப்பெட்டி ஒட்டும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு வந்தால் இரண்டு வாரம் கழித்து அதே கொட்டகையிலிருந்து இருபது, முப்பது வயதுப் பெண்களாக வருவார்கள். குழந்தைக்கு நாலு நாள் சிணுங்கலோடு போவது, பெரியவர்களைக் கடும் காய்ச்சலில் படுக்கப் போடும். சிலருக்கு நுரையீரலில் இறங்கும். சின்னம்மை என்ற பெயரில் இருக்கும் சின்னத்தைப் பெரியவர்கள் விஷயத்தில் நம்பாதீர்கள்.

ஆகவே தங்கை விஷயம். அவளுக்குச் சின்ன வயதில் "ஏதோ அம்மை" வந்தது என்பது போதாது. அது தட்டம்மையாக இருந்திருந்தால் இப்போது அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அம்மாவிடம் "அம்மை வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "நீர் கோத்த கொப்புளமா, வெறும் சிவப்புத் தடிப்பா? பொருக்குத் தட்டி உதிர்ந்துச்சா? எத்தனை தண்ணி ஊத்தினீங்க?" என்று கேளுங்கள். நெற்றியிலோ நெஞ்சிலோ சின்னக் குழி விழுந்த வடு இருந்தால் அது சின்னம்மைக்கு நல்ல அடையாளம். சின்னம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது, அது உண்மை. இதற்கும் தெளியவில்லை என்றால் ரத்தத்தில் வேரிசெல்லா ஐஜிஜி, அதாவது சின்னம்மைக்கான எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலூரில் இந்தப் பரிசோதனை செய்ய வசதி உண்டு. எதிர்ப்பு இருக்கிறது என்று வந்தால் நிம்மதியாக வரலாம்.

இல்லை என்று வந்தால் அந்த வீட்டுக்கு அவள் வரக் கூடாது. இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். "பத்து நாளில் குழந்தைக்கு மூணு தண்ணி ஊத்தி முடிச்சிருப்போம், வீடு சுத்தமாயிடும்" என்று ஆயா சொல்வார். குழந்தையைப் பொறுத்தவரை அது சரிதான். பொருக்கு எல்லாம் காய்ந்துவிட்டால் அவளிடமிருந்து தொற்றாது. ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அவள் பரப்பிக்கொண்டிருந்தாள். அந்த நாளில் வீட்டில் யாருக்காவது தொற்றியிருந்தால், அவர்களுக்குக் கொப்புளம் வரும் நாள் சரியாக வளைகாப்பை ஒட்டி விழும். அவர்களும் கொப்புளம் தெரிவதற்கு முன்னமே பரப்புவார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பவருக்குக் காலையில் லேசான உடம்பு வலி, மாலையில் முதுகில் முத்து என்று நான் பார்த்ததுண்டு. ஆகவே வளைகாப்பை மாப்பிள்ளை வீட்டிலோ மண்டபத்திலோ வைக்கலாம், ஆனால் இந்த வீட்டில் சின்னம்மை வராதவர்கள் அங்கே போகாமல் இருக்க வேண்டும். அல்லது ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிப்போடலாம். அது நம் வழக்கத்துக்கும் ஒத்ததுதான்.

கர்ப்பிணி விஷயத்தில் இத்தனை கறார் எதற்கு என்றால், முதல் 20 வாரத்துக்குள் சின்னம்மை வந்தால் சிறு விழுக்காட்டில் குழந்தைக்கு ஊனம் ஏற்படக் கூடும். தங்கை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள், அந்தப் பயம் குறைவு. ஏழாம் மாதத்தில் பயம் அவளுக்கே, நுரையீரல் அழற்சி வந்தால் கடுமையாகும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால் பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. கர்ப்பத்தில் சின்னம்மைத் தடுப்பூசி போடக் கூடாது, அது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்தது. தெரியாமல் ஏற்கெனவே குழந்தையோடு ஒன்றாக இருந்துவிட்டாள் என்றால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். கொடுக்கக் கூடிய எதிர்ப்புப் புரதம் ஒன்று உண்டு, தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் கொடுத்தால்தான் பயன். போனில் பேசும்போது "அம்மை வீட்டுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லாமல் சிக்கன்பாக்ஸ் என்றே சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் இதுவரை வராத, கர்ப்பமில்லாத மற்றவர்களுக்குத் தடுப்பூசி இப்போதும் உதவும். தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள் போட்டால் நல்லது, ஐந்து நாள் வரைகூட முயலலாம். கொப்புளம் தெரிந்தே இன்று மூன்றாம் நாள், பரவல் அதற்கும் ஒன்றிரண்டு நாள் முந்தியது, அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

குழந்தைக்கு இனிச் செய்ய வேண்டியது அதிகமில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வமான ஆபத்து ஒன்று உண்டு. இபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிப்புக்குக் காலமைன் தடவலாம். வேப்பிலையால் வருடிவிடுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, சொறிவதைவிட அது மேல். வாசலில் செருகியதையும் எடுக்க வேண்டாம், விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்பும் அறிவிப்பாக அதைவிடப் புரிகிற ஒன்று நம் தெருவில் கிடையாது. ஆனால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடைந்த கொப்புளத்தின் மேல் அப்புவது வேண்டாம், அதில் சீழ் பிடித்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்ற ஏழு நாள் காத்திருக்கவும் தேவையில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்கலாம். மருந்து கொடுத்தால் ஆத்தா கோபிப்பாள் என்று ஆயா சொன்னால், எங்கள் நிலையத்து நர்ஸ் ஒருவர் சொல்லும் பதிலைச் சொல்லிப் பாருங்கள்: "ஆத்தாதான் எங்களை அனுப்பிச்சா." பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தால் கொப்புளம் தெரிந்த ஒரு நாளுக்குள் ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது பலன் தரும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூச்சு வாங்குதல், நடை தள்ளாடுதல், எழுப்பினால் எழாத தூக்கம், ஓயாத வாந்தி, கொப்புளத்தைச் சுற்றிச் சூடாகச் சிவந்து வீங்குதல், குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுதல் இவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

சாப்பாட்டில் தாளிக்கக் கூடாது, உப்புக் கூடாது, கவுச்சி கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருப்பார்கள். மருத்துவத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. வாய்க்குள்ளும் கொப்புளம் இருந்தால் காரமும் புளிப்பும் எரியும், அதனால் இளநீர், கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர்ச்சோறு என்று தொண்டையில் வழுக்கி இறங்குவதாகக் கொடுங்கள். அந்த வகையில் ஆயாவின் பத்தியமும் என் சீட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கோழிக்கறி சாப்பிட்டதால் இது வரவில்லை, சாப்பிட்டால் கூடவும் செய்யாது. ஆனால் அதற்காக ஆயாவோடு சண்டை போட வேண்டாம். அந்த வாதத்தை ஐஜிஜி பரிசோதனைக்குச் செலவு செய்வதற்கும், வளைகாப்பைத் தள்ளி வைப்பதற்கும் மிச்சம் பிடியுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதினால், தங்கையின் மருத்துவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.